குழந்தையின் இரத்தப் புற்றுநோயும் தலைவிதியும்

(போத்தனூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டுமென்று குறிக்கப்பட்டிருக்கும் விஷயம், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயும் அக்குழந்தையைக் காப்பாற்ற வேண்டிய குடும்பத்தாரின் கடமையும் என்பதாகும். இது டாக்டர்கள் பேச வேண்டிய சங்கதியல்லவா, மேடையில் பேசுகின்றவனுக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். மருந்தைப் பற்றிச் சொல்ல டாக்டர்கள் இருக்கின்றார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் அம்மருந்து குழந்தைக்குப் போய்ச் சேராமல் நடுவிலே நின்று தடுக்கின்ற காரியங்கள் பல இருக்கின்றன. தலைவிதி என்பது ஒன்று, ஜோசியம் ஒன்று, பஸ் செலவு ஒன்று, சொந்தக்காரர் வாய் ஒன்று. இவைகளுக்கு டாக்டரிடம் மருந்து கிடையாது. இவைகளுக்கு மருந்து உங்களிடமும் என்னிடமும்தான் இருக்கின்றது. அதனால்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

நான் சொல்லப் போவதன் சாரத்தை முதலிலேயே சொல்லி விடுகின்றேன். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் தீரக்கூடிய நோய். அது தீர 2 வருஷத்திற்கு மேல், சிலருக்கு 3 வருஷம் வரையில் ஆகும். நடுவில் நிறுத்தினால் அதுவரை செய்ததெல்லாம் வீணாகும். அப்படி நடுவில் நிறுத்தாமல் ஒரு குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது அக்குடும்பத்தாரின் கடமை மாத்திரமல்ல, ஊராரின் கடமையுமாகும். இவ்வளவுதான் சங்கதி. இனி இதற்குக் காரணங்களைச் சொல்லுகின்றேன். நான் சொல்லுகின்றேன் என்பதற்காக ஒன்றையும் நம்ப வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்.

நோய் என்பது என்ன?

நம் எலும்புகளுக்குள்ளே மஜ்ஜை என்று ஒன்றிருக்கின்றது. இரத்தம் உண்டாகின்ற பட்டறை அதுதான். நம் உடம்பில் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு என்று மூன்று விதமான அணுக்கள் அங்கிருந்து வருகின்றன. சிவப்பணு மூச்சுக் காற்றைச் சுமக்கின்றது. வெள்ளணு கிருமியோடு சண்டை போடுகின்றது. தட்டணு காயம் பட்ட இடத்தில் இரத்தத்தை உறைய வைக்கின்றது. இந்தப் பட்டறையில் வெள்ளணுவாக வளர வேண்டிய ஒரு அணு கெட்டுப் போய், வேலை ஒன்றும் கற்றுக் கொள்ளாமல், தன்னைப் போலவே ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகப் பெருக்கிக் கொண்டே போவதுதான் இந்நோய். வேலைக்கு உதவாத ஆட்கள் பட்டறையெல்லாம் நிறைந்து விட்டால் வேலை செய்கின்றவனுக்கு நிற்க இடம் ஏது? ஆகவே சிவப்பணு குறைந்து குழந்தை வெளுத்துப் போகின்றது. நல்ல வெள்ளணு குறைந்து காய்ச்சல் விட்டு விட்டு வருகின்றது. தட்டணு குறைந்து உடம்பில் நீலப் புள்ளிகளும் ஈறில் இரத்தமும் காணுகின்றன. எலும்புக்குள் நெருக்கம் உண்டாகிக் கால் வலிக்கின்றது என்று குழந்தை அழுகின்றது. கழுத்தில் நெரிகட்டலாம், வயிறு பெருக்கலாம்.

1847-ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து விர்ச்சோ என்ற வைத்தியர் இதற்கு லுகீமியா என்று பெயர் வைத்தார். வெள்ளை இரத்தம் என்பது அதன் பொருள். இதில் பல வகையுண்டு. குழந்தைகளுக்கு அதிகமாய் வருவதை டாக்டர்கள் ஏ.எல்.எல். என்று சுருக்கிச் சொல்லுவார்கள். 2 வயது முதல் 5 வயதுக்குள்ளாக அது அதிகமாய்க் காணும். அதாவது பாவம் என்றால் என்ன, புண்ணியம் என்றால் என்ன என்று தெரியாத வயது!

இப்பொழுது கர்மபலன் பேசுகின்றவர்களைக் கேட்கின்றேன். 3 வயதுக் குழந்தை என்ன பாவத்தைச் செய்தது? போன ஜென்மத்தில் செய்தது என்பீர்கள். போன ஜென்மத்தில் இக்குழந்தை யாராயிருந்தது, என்ன செய்தது என்று யாராவது கண்டதுண்டா? காணாத ஒன்றைக் காரணமென்று சொல்லி, கண்ணெதிரே இருக்கின்ற நோய்க்கு வைத்தியம் செய்யாமல் விடுவது எவ்வளவு பெரிய கொடுமை! விதிதான் காரணமென்றால் அந்த விதி தேசத்திற்குத் தேசம் மாறுவானேன்? மேல்நாடுகளில் இந்த ஏ.எல்.எல். நோய் வந்த குழந்தைகளில் 100-க்கு 90 பிழைக்கின்றன. 60 வருஷத்துக்கு முன் அங்கேயும் ஏறக்குறைய எல்லாம் செத்தன. பிரம்மா அங்கே மாத்திரம் எழுத்தை மாற்றி எழுதினாரா? வைத்தியம் மாறிற்று, அதனால் பலன் மாறிற்று என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

தாயின் மேல் பழி

விதி ஒரு பக்கமிருக்க, நம் குடும்பங்களில் இன்னொரு கெட்ட வழக்கம் இருக்கின்றது. குழந்தைக்கு நோய் வந்தால் முதலில் தேடுவது மருந்தையல்ல, குற்றவாளியை. அந்தக் குற்றவாளியும் எப்பொழுதும் வீட்டுக்கு வந்த மருமகளாகவே இருக்கின்றாள். முழுகாமல் இருக்கையில் கிரகணத்தைப் பார்த்தாள், ஆகாததைத் தின்றாள், அவள் வந்த ஜாதகம் சரியில்லை, அவள் வீட்டு வழியில் வந்தது என்று சொல்லாத வீடு எத்தனை இருக்கின்றது? தோழர்களே! இந்நோய் அணுவுக்குள்ளே இருக்கும் மரபுப் பொருளில் தற்செயலாய் உண்டாகும் மாறுதலால் வருகின்றது. பெரும்பாலும் பரம்பரையாய் வருவதல்ல. தாய் செய்ததாலும் வருவதில்லை, செய்யாததாலும் வருவதில்லை. தொட்டால் ஒட்டிக் கொள்ளும் நோயுமல்ல. ஆகவே அக்குழந்தைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து ஒதுக்குகின்றவர்கள் நோய்க்குப் பயந்து செய்யவில்லை, அறியாமையால் செய்கின்றார்கள்.

பெண் குழந்தை விஷயத்திலோ கேட்கவே வேண்டாம். இந்நோய் ஆண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் அதிகமாய் வருவது உலகமெங்கும் உள்ளதுதான். ஆனால் நம் நாட்டு ஆஸ்பத்திரிக் கணக்குகளில் ஆண் குழந்தைகள் இருக்கும் அளவு அந்த நியாயத்துக்கும் மேலே போகின்றது. மீதிப் பெண் குழந்தைகள் எங்கே போயின? நோயே வராமலா இருந்தன? நோய் வந்தும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரப்படாமல் வீட்டிலேயே போயின என்றுதான் அர்த்தமாகின்றது. நாளைக்குக் கட்டிக் கொடுக்கப் போகிற பெண்ணுக்கு இவ்வளவு செலவா என்று கணக்குப் பார்க்கின்ற தகப்பன், அக்குழந்தையின் நோயைவிடக் கொடியவன் என்றே சொல்லுவேன்.

மருந்து எங்கிருந்து வந்தது?

இம்மருந்துகள் எப்படி வந்தன என்பதை நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும். பீமாவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பராவ் என்று ஒருவர் இருந்தார். அவருடைய சகோதரர் இருவர் ஒருவர் பின் ஒருவராய் வயிற்று நோயில் செத்தார்கள். அவர் எழுத்து இப்படி என்று உட்கார்ந்து விடவில்லை. 1922-ல் அமெரிக்கா சென்று ஆராய்ச்சியில் இறங்கினார். இரத்தம் ஊறுவதற்கு வேண்டிய ஃபோலிக் ஆசிட் என்ற சத்தை, அவரும் அவர் கூட்டத்தாரும் லெடர்லி என்ற கம்பெனி ஆராய்ச்சிச் சாலையில் செய்து முடித்தார்கள். பாஸ்டன் நகரத்துக் குழந்தை வைத்தியர் சிட்னி ஃபார்பர் என்பவர் அச்சத்தை லுகீமியாக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நோய் குறைவதற்குப் பதிலாய் வேகமாயிற்று. வேறொருவராயிருந்தால் தெய்வ குற்றம் என்றிருப்பார். அவரோ, இந்தச் சத்து கெட்ட அணுவை வளர்க்குமானால் இச்சத்தைத் தடுக்கின்ற பொருள் கெட்ட அணுவைப் பட்டினி போட்டுக் கொல்லுமல்லவா என்று யோசித்தார். அத்தடுப்புப் பொருளையும் சுப்பராவ் கூட்டத்தாரே செய்து கொடுத்தார்கள். 1948-ல் ஃபார்பர் வெளியிட்ட கணக்கின்படி 16 குழந்தைகளில் 10 குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. அந்த வருஷமே சுப்பராவ் காலமானார். அந்த மருந்தின் தம்பியான மெதோட்ரெக்ஸேட் என்பதைத்தான் இன்றைக்கும் நம் குழந்தைகள் சாப்பிடுகின்றன.

ஆனால் அந்த 10 குழந்தைகளுக்கும் நோய் திரும்பி வந்தது. ஒரு மருந்து போதாது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், நீண்ட நாள் கொடுக்க வேண்டும் என்பதை 1960-க்கு மேல்தான் கண்டார்கள். அப்படிச் சேர்ந்த மருந்துகளில் ஒன்று, நம் வேலியோரத்தில் பூக்கின்ற நித்தியகல்யாணியிலிருந்து எடுத்தது. சுடுகாட்டுப் பூ என்று நம்மவர்கள் ஒதுக்கி வைத்த பூச்செடி, சுடுகாட்டுக்குப் போக இருந்த குழந்தைகளைத் திருப்பிக் கொண்டு வந்திருக்கின்றது. உடனே யாரும் அந்த இலையைப் பறித்துக் கஷாயம் வைத்து விடாதீர்கள். டன் கணக்கில் இலையைக் காய வைத்துக் கிராம் கணக்கில் மருந்தைப் பிரித்து, குழந்தையின் அளவுக்குத் தக்கபடி நிறுத்து நரம்பிலே ஏற்றுகின்றார்கள். அளவு தப்பினால் அதுவே விஷம்.

நம் நாட்டில் இதற்கு வழி காட்டியவர் ஒரு பெண்மணி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறி கொடுத்தவர். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட அதே அம்மையார் முயற்சியால் 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. 1955-ல் அங்கு சேர்ந்து 2021-ல் மறையும்வரை அதற்கே உழைத்தவர் டாக்டர் சாந்தா அவர்கள். 1980-க்குச் சற்று முன்பின்னாக நம் நாட்டில் இந்நோய் வந்த குழந்தைகளில் 100-க்கு 20 பிழைப்பதே அரிது. 1984 முதல் அடையாறு நிலையமும், பம்பாய் டாட்டா மெமோரியலும், டில்லி எய்ம்ஸும் சேர்ந்து நம் நாட்டு வசதிக்குத் தக்க ஒரே விதமான வைத்திய முறையைக் கைக்கொண்டன. அந்த 20 என்பது பாதியை ஒட்டி உயர்ந்தது. இன்று நல்ல ஆஸ்பத்திரியில் முழு வைத்தியமும் செய்து கொண்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் பிழைக்கின்றன. இதில் எந்தப் பூசாரிக்காவது, எந்த ஜோசியனுக்காவது பங்குண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

ஈரோட்டில் இறங்காதீர்கள்

இனிமேல் சொல்லுவதை ஒவ்வொருவரும் கவனித்துக் கேட்க வேண்டும். வைத்தியம் ஆரம்பித்து நான்கைந்து வாரம் ஆனதும் பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் அடங்கி விடும். குழந்தை சிரிக்கும், ஓடியாடும், சோறு கேட்கும். மஜ்ஜையை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தால் கெட்ட அணு தெரியாது. அப்பொழுதுதான் ஆபத்து. பார்த்தால் நன்றாகத்தானே இருக்கின்றது, எதற்கு இன்னும் ஊசி, எதற்கு இன்னும் செலவு என்று வீட்டுக்கு அழைத்துப் போய் விடுகின்றவர்கள் அநேகர்.

கணக்காகவே சொல்லுகின்றேன். நோய் கண்டுபிடிக்கும் நாளில் குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய 1 லட்சம் கோடி கெட்ட அணுக்கள் இருக்கும். முதல் மாத வைத்தியத்தில் 100-க்கு 99 செத்தாலும் மீதி 1000 கோடி இருக்கின்றது. 1000-க்கு 999 செத்தாலும் 100 கோடி இருக்கின்றது. சாதாரணக் கண்ணாடியில் அது தெரியாது. தோட்டத்தில் கோரை பிடுங்கிய குடியானவனைக் கேளுங்கள். மேலே பிடுங்கினால் பாத்தி சுத்தமாய்த்தான் இருக்கும். கிழங்கு அடியில் இருக்கின்றதே! ஒரு மழை பெய்தால் மறுபடி பாத்தியெல்லாம் கோரைதான். அதுபோல மிஞ்சிய அணு திரும்பி வருகின்றபோது முன்னிலும் முரட்டுத்தனமாய் வரும், முன்னே கேட்ட மருந்துக்குக் கேட்காது.

நம் போத்தனூர் ரயில் ஊர். ஆகவே ரயிலை வைத்தே சொல்லுகின்றேன். சென்னைக்கு டிக்கெட் வாங்கியவன் ஈரோட்டில் வண்டி நின்றதும், ஊர் வந்து விட்டதென்று மூட்டையைத் தூக்கிக் கொண்டு இறங்கலாமா? முதல் மாதம் முடிந்து நோய் அடங்குவது என்பது ஈரோடு வருவது போன்றது. இன்னும் இராத்திரி முழுவதும் பயணம் இருக்கின்றது.

அந்தப் பயணத்தில் என்னென்ன வருமென்று முன்னாலேயே தெரிந்து கொண்டால் பயமில்லை. முதல் ஏழெட்டு மாதம் கடுமையான மருந்துகள். இடையிடையே முதுகில் ஊசி. இந்த ஊசியைப் பற்றித்தான் ஊரிலே அதிகப் புரளி. முதுகில் குத்தினால் கால் விளங்காமல் போகும் என்கின்றார்கள். நரம்புத் தண்டு முடிகின்ற இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுகின்றார்கள். இரத்தத்தில் ஏற்றுகிற மருந்து மூளைப் பக்கத்தில் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. கெட்ட அணு அங்கே ஒளிந்து கொள்ளும். அதற்காகவே அங்கே நேராய் மருந்து கொடுக்கின்றார்கள். ஸ்டிராய்டு மருந்தால் முகம் உப்பும், பசி அதிகரிக்கும், குழந்தை சிடுசிடுக்கும். மருந்து நின்றால் இவை போய் விடும். தலைமயிர் கொட்டும், திரும்ப முளைக்கும். பழனிக்குப் போய்க் காசு கொடுத்து மொட்டை போட்டால் பெருமையாய் ஊர்வலம் வருகின்றோம். ஆஸ்பத்திரியில் மொட்டையான குழந்தையை மட்டும் பார்த்து ஐயோ என்பானேன்? இரண்டு மயிரும் ஒன்றுபோலத்தானே முளைக்கின்றது!

பிறகு வருவதுதான் நீண்ட காலம். வீட்டிலேயே மாத்திரை, மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆஸ்பத்திரி. ஒரு மாத்திரை தினமும், மெதோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரம். வாரத்துக்கு ஒரு முறை என்பதைத் தினமும் என்று கொடுத்து விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே காலண்டரில் அந்தக் கிழமையைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்துக் கொள்ளுங்கள். குழந்தை நன்றாயிருக்கின்ற அந்தக் காலத்தில்தான் மாத்திரையை மறந்து போகின்றோம். மறந்தால் கிழங்கு முளைக்கும்.

காய்ச்சலும் அம்மையும்

மருந்து நடக்கின்ற காலத்தில் குழந்தைக்கு நல்ல வெள்ளணுவும் குறைந்திருக்கும். அப்பொழுது காய்ச்சல் 100.4 டிகிரி காட்டினால் அது சாதாரணக் காய்ச்சலல்ல. காலையில் பார்த்துக் கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது. இராத்திரி 2 மணியானாலும் புறப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வழியில் ஒரு ஊசி போட்டுக் கொள்ளலாம் என்று பக்கத்துக் கடையிலும் நிற்கக் கூடாது. தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அது ஆயிரம் தாயத்துக்கு மேல். காய்ச்சிய தண்ணீர், சூடாய்ச் சமைத்த சோறு, சோப்புப் போட்டுக் கழுவிய கை இவைதான் அக்குழந்தைக்குக் காப்பு. கோவில் தீர்த்தமானாலும் டீக்கடைத் தண்ணீரானாலும் கிருமிக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்தது அம்மை. நம் கொங்கு நாட்டில் அம்மை போட்டால் மாரியம்மாள் வந்திருக்கிறாள், வேப்பிலை கட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாதே, ஊசி போடாதே என்கின்றார்கள். பலமான பிள்ளைக்கு நீர்க்கொளுவான் தானாய் இறங்கி விடுகின்றது, பெருமை மாரியம்மாளுக்குப் போய் விடுகின்றது. ஆனால் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுகின்ற குழந்தைக்கு அது நுரையீரலில் இறங்கிக் கொன்று விடக் கூடும். வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ பக்கத்துப் பிள்ளைக்கு அம்மை கண்டது என்று தெரிந்த அன்றே, கொப்புளம் வரும்வரை காத்திராமல், டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்குத் தடுப்பும் உண்டு, மருந்தும் உண்டு.

கோவைக்காரர்களுக்கு இது புதிதல்லவே. போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிளேக் நோய் வந்து கோவையில் ஜனங்கள் கொத்துக் கொத்தாய்ச் செத்தபோது, பிளேக் மாரியம்மன் என்று கோவில் கட்டினோம். இன்றும் அக்கோவில்கள் இருக்கின்றன. பிளேக்கின் கிருமியை 1894-லேயே யெர்சின் என்ற வைத்தியர் ஹாங்காங்கில் கண்டுபிடித்து விட்டார். எலியையும் தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்க ஒழிக்க நோயும் ஒழிந்தது. 2021-ல் இருகூரில் கொரோனா தேவி என்று சிலையும் வைத்தாகி விட்டது. அவளும் ஊசி போட்ட பிறகுதான் அடங்கினாள். பெரியவர்கள் விஷயத்தில் இது சிரிப்பாய்ப் போகலாம். ஒரு சிறு குழந்தையின் விஷயத்தில் சிரிப்பல்ல.

ஊரார் செய்ய வேண்டியது

இனி நமக்கு வருகின்றேன். ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். தகப்பன் பட்டறையில் வேலை. தாய் வீட்டோடு. மூத்தது பள்ளிக்கூடம் போகின்றது, இளையதுக்கு இந்நோய். சர்க்காரின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கின்றது. திட்டத்தில் சேர்ந்த குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் வைத்தியச் செலவு கிடைக்கின்றது. கோவையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி முதல் புற்றுநோய் வைத்தியம் செய்கிற ஆஸ்பத்திரிகள் பல இருக்கின்றன. வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் புற்றுநோய்க்காரருக்கு ரயிலில் படுக்கை வகுப்பில் கட்டணமில்லை, துணைக்குப் போகிறவருக்கு 100-க்கு 75 சலுகை. நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. இவ்வளவு இருந்தும் ஏன் நடுவில் நிறுத்துகின்றார்கள்?

ஏனென்றால், தகப்பன் ஆஸ்பத்திரியில் இருந்தால் கூலியில்லை. கூலியில்லாவிட்டால் அடுப்பு எரிவதில்லை. தாய் ஒருத்தியே ஆஸ்பத்திரியில் நாள் கணக்காய் உட்கார்ந்திருக்கின்றாள். மூத்த பிள்ளைக்குச் சோறு போட ஆளில்லை. ஆறு மாதத்தில் கடன் ஏறுகின்றது. அந்தச் சமயம் பார்த்து ஒருவன் வந்து, இது செய்வினை, இத்தனை ஆயிரம் கொடுத்தால் எடுத்து விடுகின்றேன் என்கின்றான். முழுகுகின்றவன் துரும்பைப் பிடிப்பது போல் அதைப் பிடிக்கின்றார்கள். ஊரார் கை கொடுத்திருந்தால் அந்தத் துரும்பை ஏன் பிடிக்கின்றார்கள்?

ஆகவே காரியமாய்ச் சிலவற்றைச் சொல்லுகின்றேன். ஒன்று, காகிதம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை இவைகளுக்கு அலைவதற்குப் படிப்புத் தெரிந்த ஒரு வாலிபர் அக்குடும்பத்துக்கு என்று ஒதுங்க வேண்டும். இரண்டு, முறை வைத்துக் கொள்ளுதல். வாரத்தில் இரண்டு நாள் சித்தப்பன், இரண்டு நாள் மாமன், ஒரு நாள் அத்தை என்று ஆஸ்பத்திரியில் மாறி மாறி இருந்தால் தாய் தூங்கலாம், தகப்பன் வேலைக்குப் போகலாம். காது குத்துக்கு மாமன் மடி வேண்டுமென்று சண்டை போடுகின்றோமே! முதுகில் ஊசி போடுகிற நாளில் அல்லவா மாமன் மடி வேண்டும்! மூன்று, மூத்த பிள்ளை. தம்பிக்கு நோய் வந்தது உன்னால் அல்ல, உன் மேல் எங்களுக்கு அன்பு குறையவில்லை என்று ஒருவர் அதனிடம் சொல்ல வேண்டும். நோயாளிக் குழந்தையிடமும் பொய் சொல்லக் கூடாது. ஊசி வலிக்காது என்று சொல்லிக் குத்தினால் அது மறுபடி நம்மை நம்பாது. கொஞ்சம் வலிக்கும், நான் கையைப் பிடித்துக் கொள்ளுகின்றேன் என்று சொன்னால் அது தைரியப்படும். நான்கு, முதலாளிமார். இப்படிப்பட்ட தகப்பனை வேலையிலிருந்து நிறுத்தாமல் ஷிப்ட் மாற்றிக் கொடுப்பதால் எந்தப் பட்டறையும் மூழ்கி விடாது.

ஐந்தாவதுதான் முக்கியம், இரத்தம். இக்குழந்தைகளுக்கு அடிக்கடி இரத்தமும் தட்டணுவும் ஏற்ற வேண்டியிருக்கும். தட்டணுவை 5 நாளைக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. ஆகவே ஜனங்கள் ஓயாமல் கொடுத்துக் கொண்டே இருந்தால்தான் அது கிடைக்கும். 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்குக் குறையாமல், சோகையில்லாமல் ஆரோக்கியமாயிருக்கும் ஆண் 3 மாதத்துக்கு ஒரு முறை, பெண் 4 மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம்.

இரத்தப் பிரிவை 1901-ல் லாண்ட்ஸ்டைனர் என்பவர் கண்டுபிடித்தார். ஏ, பி, ஓ என்றும், அடுத்த வருஷம் ஏபி என்றும் பிரிவு கண்டார்கள். கவுண்டர் இரத்தம், நாயுடு இரத்தம், அருந்ததியர் இரத்தம், துலுக்கர் இரத்தம் என்று எந்தப் பூதக்கண்ணாடியும் இதுவரை கண்டதில்லை. குடிக்கிற தண்ணீருக்கு ஜாதி பார்க்கின்றவனும், தன் பிள்ளைக்கு இராத்திரி 12 மணிக்கு இரத்தம் வேண்டுமென்றால் எந்த ஜாதி இரத்தம் என்று கேட்டதுண்டா? பாட்டிலில் அவ்விதம் எழுதியிருப்பதுமில்லை. அப்படியானால் விடிந்த பிறகு மாத்திரம் ஜாதி எங்கிருந்து வருகின்றது?

நம் கொங்கு நாட்டில் கல்யாணத்துக்கு மொய் நோட்டு வைக்கின்றோம். யார் எவ்வளவு வைத்தார், நாம் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று பேரன் காலம் வரையில் அந்த நோட்டைக் காப்பாற்றுகின்றோம். அதே மாதிரி போத்தனூரில் ஒரு இரத்த மொய் நோட்டு ஏற்படட்டும். பெயர், பிரிவு, டெலிபோன் நம்பர், கடைசியாய்க் கொடுத்த தேதி இவ்வளவு போதும். ஜாதிக்கு அதில் கட்டம் போட வேண்டாம். எந்தக் குழந்தைக்கு வேண்டுமென்றாலும் அந்த நோட்டைப் பிரித்தால் நாலு பேர் புறப்பட வேண்டும்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை

கடைசியாகப் பகுத்தறிவு பேசுகின்ற வாலிபத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகின்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தாய் குழந்தையின் கையில் மஞ்சள் கயிறு கட்டிக் கொண்டு அழுது கொண்டிருப்பாள். அங்கே போய் அவளிடம் கடவுள் இல்லை என்று வாதம் செய்யாதீர்கள். அவள் மருந்தை நிறுத்தாமலிருக்கின்றாளா, சாப்பிட்டாளா, அவளுக்குத் துணையிருக்கின்றதா என்று பாருங்கள். இரத்தம் கொடுங்கள். காப்பி வாங்கிக் கொடுங்கள். கயிறு கையில் இருந்து விட்டுப் போகட்டும், ஊசி நரம்பில் ஏறினால் போதும். ஆனால் அந்தக் கயிற்றை விற்றவன், மருந்தை நிறுத்து என்று அவளுக்குச் சொல்லுவானேயானால் அப்பொழுது அவனை விடாதீர்கள். வாதமெல்லாம் அவனிடம் வைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்றும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முழு வைத்தியமும் செய்தும் சில குழந்தைகள் இறந்து போகின்றன. விஞ்ஞானம் எல்லாம் அறிந்து விட்டதாக நான் சொல்லவில்லை. அப்படி இறந்தால் அது அந்தப் பெற்றோரின் குற்றமல்ல. அந்த நாளிலும் வலியில்லாமல் குழந்தையை வைத்திருக்க மருந்துண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் பிழைக்கக் கூடிய குழந்தை, பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் ஆளுக்கும் வழியில்லாமல், விதியென்ற ஒரு பேச்சால், நடுவழியில் இறக்கி விடப்பட்டுச் சாகுமானால் அது விதியல்ல, அது நம் எல்லோருடைய குற்றமேயாகும். உலக முழுவதும் வருஷத்துக்கு ஏறக்குறைய 4 லட்சம் குழந்தைகளுக்கும் இளம் பிள்ளைகளுக்கும் புற்றுநோய் வருகின்றது. பணக்கார தேசங்களில் 100-க்கு 80-க்கு மேல் பிழைக்கின்றன. ஏழை தேசங்களில் 30 கூடப் பிழைப்பதில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. 2030-க்குள் எங்கும் 60 ஆவது பிழைக்க வேண்டுமென்று அது 2018-ல் ஒரு திட்டம் போட்டிருக்கின்றது. ஜெனீவாவில் போட்ட திட்டம் போத்தனூரில் நடக்க வேண்டுமானால் போத்தனூர்க்காரர்கள்தானே நடத்த வேண்டும்?

ஆகவே தோழர்களே! குழந்தை வெளுத்துப் போய், காய்ச்சல் விடாமல், உடம்பில் நீலப் புள்ளி கண்டால் மந்திரிக்கப் போகாமல் முதலில் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். நோய் என்று தெரிந்தால் கடைசி மாத்திரை வரையில் நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டில் நோயில்லையானால் நோயுள்ள வீட்டுக்குப் போய் என்ன வேண்டுமென்று கேளுங்கள். நான் சொன்ன அந்த நோட்டு இங்கே மேசையின் மேல் இருக்கின்றது. இன்னும் அதில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. கூட்டம் கலைவதற்கு முன் இங்கு வந்து எழுதும்படி கேட்டுக் கொள்ளுகின்றேன்.